முதலில் யார் பேசுவது?

இந்த முறை வந்த கடிதங்களை மேஜையில் பரப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கேட்கிற ஆள்தான் வேறு. டீச்சர் கேட்கிறார், மனைவி கேட்கிறார், பனியன் கம்பெனி சூப்பர்வைசர் கேட்கிறார்: நடந்தது நடந்துபோச்சு, இப்போ யார் முதலில் இறங்கி வருவது? 27 வருடம் சாக்பீஸ் பிடித்தவள் நான், எனக்கு இதில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்தான் முதலில் வரவேண்டும். வேலை போய்விடுமோ, மார்க் போய்விடுமோ என்ற பயத்தில் சின்னவர் வந்து "சாரி" சொல்வதை நான் சமாதானக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. சில ஊர்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வீட்டுக்கணக்கு எழுதாமல் வந்த ஒரு பையனை "உங்க அப்பா மாதிரியே நீயும் உருப்படமாட்டே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் அப்பா குடிப்பவர், ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து என் பீரியடில் அவன் தலையைத் தூக்குவதே இல்லை. மாணவனிடம் மன்னிப்புக் கேட்டால் அப்புறம் வகுப்பில் மரியாதை இருக்குமா? (ஆசிரியை, விருத்தாசலம்)

இருக்கும் டீச்சர். நானும் ஒரு காலத்தில் உங்களை மாதிரி பயந்தவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. நான் விசாரிக்காமல் கொள்ளாமல் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பி, "பையைக் கொட்டு" என்றேன். கொட்டினாள். இரண்டு நோட்டு, ஒரு பழைய துணியில் சுற்றிய தூக்குச்சட்டி, ஒரு உடைந்த சீப்பு. அவ்வளவுதான். பாக்ஸ் மத்தியானமே இன்னொரு பிள்ளையின் வீட்டில் கிடைத்துவிட்டது. நான் பத்து நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள்தான் வாய் வந்தது. "அன்னைக்கு உன் பையைக் கொட்டச் சொன்னது என் தப்பு" என்று வகுப்பிலேயே சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை, உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துச் சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினாளே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மரியாதை குறைந்ததா என்றால், அந்த வகுப்பு அதற்குப் பிறகு என்னிடம் பொய் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லார் முன்னால் சொன்னதை எல்லார் முன்னால்தான் எடுக்கவேண்டும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் வகுப்பில் நின்று "உன் அப்பாவைப் பற்றிச் சொன்னது தப்பு" என்றால் அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது அடி. அதனால் முதலில் தனியாக. வராந்தாவில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், நின்றபடி இரண்டு நிமிஷம் போதும். "உங்க அப்பாவை இழுத்துப் பேசினேன், அது என் தப்பு. நீ கணக்கு எழுதலைங்கறதை மட்டும்தான் நான் கேட்டிருக்கணும்." இதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று ஆரம்பித்தால் அத்தனையும் பாழ். பிறகு வகுப்பில், அப்பா என்ற வார்த்தையே இல்லாமல், "போன வாரம் ஒருத்தரைப் பேசக்கூடாத விதத்தில் பேசிட்டேன், இனிமே பேசமாட்டேன்" என்று ஒரு வரி. எல்லாருக்கும் புரியும்.

அப்புறம் அந்த வீட்டுக்கணக்கு. குடித்துவிட்டு வருகிற அப்பா இருக்கும் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு இயற்கணிதம் போட உட்கார முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மதிய இடைவேளையில் 15 நிமிஷம் வகுப்பிலேயே எழுதவிடலாம், அவன் ஒருவனை மட்டும் இல்லாமல் வீட்டில் இடமில்லாத எல்லாரையும். இன்னொன்று, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை: 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிரம்படியை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. நாம் பிரம்பைக் கீழே வைத்தோம், வாயை வைக்கவில்லை.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஸ்கூல் விட்டு வந்தால் ரூமுக்குள் போய்விடுகிறாள். என்ன கேட்டாலும் "ம்", "தெரியல". முன்பு வாய் ஓயாமல் பேசுவாள். நான் எங்கோ தவறிவிட்டேனோ என்று தூக்கமே வருவதில்லை. (வாசகி, மதுரை)

முதலில் தூங்குங்கள் அம்மா. எட்வர்ட் ட்ரானிக் என்று அமெரிக்காவில் ஓர் உளவியலாளர், தாயும் கைக்குழந்தையும் விளையாடுவதைப் படம் பிடித்து நொடி நொடியாகப் பார்த்தவர். நன்றாகப் பழகுகிற தாயும் பிள்ளையும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒத்துப்போகிறார்களாம். மீதி நேரமெல்லாம் அம்மா சிரிக்கும்போது பிள்ளை வேறு பக்கம் பார்க்கும், பிள்ளை அழும்போது அம்மா பசி என்று நினைத்துத் தப்பாகப் புரிந்துகொள்வாள், பிறகு சரிசெய்துகொள்வார்கள். இடுப்பில் இருக்கிற பிள்ளையிடமே அந்தக் கதி என்றால், கதவைச் சாத்திக்கொள்கிற 14 வயதிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது?

"இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வியை முதலில் கைவிடுங்கள். அதற்கு "ம்" தவிர வேறு பதில் இல்லை, உங்களிடம் யாராவது "இன்னைக்குச் சமையல்கட்டு எப்படி இருந்துச்சு" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விசாரணை மாதிரி இருக்கும். என் அனுபவத்தில் இவர்கள் பேசுகிற இடம் ஸ்கூட்டியின் பின்சீட்டு. முகம் தெரியாது, பத்து நிமிஷத்தில் வீடு வந்துவிடும், தப்பிக்கவும் வழி உண்டு. டியூஷனுக்குக் கூட்டிப்போகும்போது நீங்கள் உங்கள் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஆபீசில் நடந்தது, பக்கத்து வீட்டு நாய், எதுவோ. அவளாக ஏதாவது சொன்னால் உடனே புத்தி சொல்லாதீர்கள், அதுதான் கஷ்டம், எனக்கும் கடைசிவரை வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அசட்டையாக இருக்கக்கூடாது. சாப்பாடு, தூக்கம் இரண்டும் மாறியிருந்தால், பிடித்த தோழியைப் பற்றியே பேச்சு இல்லாமல் போயிருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், அது வயதுக்கோளாறு என்று விடாதீர்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். 14417 என்று பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் இருக்கிறது, 1098 குழந்தைகளுக்கான எண், அதில் அவளே பேசலாம். எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள், ஒன்றும் சொல்லாமல்.

கேள்வி: அப்பாவின் ஆஸ்பத்திரி செலவை யார் எவ்வளவு போட்டார்கள் என்று அண்ணன் ஃபேமிலி குரூப்பில் கணக்குப் போட்டுவிட்டான், என் பெயருக்கு நேராக மிகக் குறைந்த தொகை. சித்தப்பா, அத்தை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நானும் பதிலுக்கு நீளமாக டைப் செய்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

அனுப்பாதீர்கள். அழித்துவிட்டு ஃபோன் போடுங்கள், முடிந்தால் நேரிலேயே போங்கள். 30 பேர் பார்க்கிற இடத்தில் அண்ணன் ஒருபோதும் இறங்கி வரமாட்டார், நீங்களும் மாட்டீர்கள், நடுவில் அத்தை ஒரு கும்பிடு எமோஜி போடுவார், அது யாருக்கு என்று இன்னொரு சண்டை வரும். நேரில் போய்ப் பணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்: இதுவரை எவ்வளவு, இனி மாதம் எவ்வளவு, ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கிறவர் யார். கடைசியாகச் சொன்னதும் செலவுதான், அண்ணன் கணக்கில் அதை யார் பெயரிலும் எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்த ராத்திரிகள் உங்களுடையவை என்றால் சொல்லுங்கள், அண்ணியுடையவை என்றால் அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்றுமதி கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் நான். 40 மெஷின், பெரும்பாலும் பெண்கள். தப்பு நடந்தால் ஒருத்தரும் சொல்வதில்லை, ஒளித்துவிடுகிறார்கள். போன மாதம் குழந்தைகள் உடுப்பில் ஒடிந்த ஊசி முனை ஒன்று மெட்டல் டிடெக்டரில் மாட்டியது, அந்த லாட் முழுவதையும் திரும்பச் சோதித்தோம். கத்தினேன், அபராதம் என்றேன். இப்போது இன்னும் ஊமையாகிவிட்டார்கள். (வாசகர், திருப்பூர்)

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது, "கத்தினேன், இன்னும் ஊமையாகிவிட்டார்கள்".

ஊசி ஒடிந்தால் என்ன செய்யவேண்டும் என்று உங்கள் கம்பெனியில் விதி இருக்கும். மெஷினை நிறுத்தி, ஒடிந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, காகிதத்தில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி, ரெஜிஸ்டரில் பதிவு. நல்ல விதிதான். இப்போது அந்த மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். துண்டைத் தேட பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் முன்னால் பீஸ் குவியும், பின்னால் இருக்கிறவள் வேலையில்லாமல் முறைப்பாள், மணிக்கணக்கு டார்கெட் போர்டில் எண் குறையும், நீங்கள் வந்து நிற்பீர்கள். இத்தனைக்கும் ஊசி ஒடிந்தது அவள் தப்பா? தடித்த தையலில் ஒடியும், ஊசி நம்பர் தப்பாகப் போட்டிருந்தால் ஒடியும், மெக்கானிக் செட்டிங் பார்க்காமல் போயிருந்தால் ஒடியும். உண்மையைச் சொன்னால் அடி, ஒளித்தால் ஒருவேளை தப்பிக்கலாம். நானாக இருந்தாலும் பையில் ஒரு ஊசியை வெளியிலிருந்து வாங்கி வைத்திருப்பேன்.

90-களில் ஏமி எட்மண்ட்சன் என்பவர் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து மாறிப்போகும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக ஒத்துழைக்கிற குழுவில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் அதிகம். துருவிப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது: அங்கே நர்சுகள் தப்பை வெளியே சொன்னார்கள், கடுமையான தலைமை இருந்த வார்டுகளில் மூடி மறைத்தார்கள். காகிதத்தில் மட்டும் அந்த வார்டு சுத்தம்.

உங்கள் ரெஜிஸ்டரில் மூன்று மாதமாக ஊசி ஒடிந்த பதிவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், 40 மெஷினில் அது நடக்காத காரியம். நாளைக் காலை லைன் கூடும்போது நீங்களே ஆரம்பியுங்கள்: "அன்னைக்குக் கத்தினது சரியில்ல. ஊசி ஒடிஞ்சா கையைத் தூக்குங்க, தேடற நேரத்தை டார்கெட்ல கழிச்சுடறேன்." கழிக்கவும் வேண்டும், சொல்லிவிட்டுக் கழிக்காவிட்டால் முன்பைவிட மோசம். அதற்கு மேனேஜரிடம் நீங்கள் மல்லுக்கு நிற்கவேண்டியிருக்கும், அது உங்கள் வேலை, அந்தப் பெண்களின் வேலை இல்லை. முதல் முறை கை தூக்குகிறவளிடம் நீங்கள் என்ன முகம் காட்டுகிறீர்கள் என்பதை மீதி 39 பேரும் பார்ப்பார்கள். அபராதம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள், அதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு, அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, விளக்கம் கேட்காமல் பிடிக்கவும் கூடாது.

கேள்வி: சண்டை வந்தால் என் கணவர் மூன்று நாள் பேசமாட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், தட்டை எடுத்து வைப்பார், ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளைகள் மூலம் "அப்பாகிட்ட சொல்லு" என்று நடக்கிறது குடித்தனம். நான் விடாமல் கேட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். (வாசகி, சேலம்)

இது நம் ஊரில் பாதி வீட்டில் நடக்கிற கதை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் சியாட்டிலில் ஜான் காட்மன் என்பவர் பல வருடம் தம்பதிகளை உட்காரவைத்து, சண்டைபோடச் சொல்லி, நாடித்துடிப்பை அளந்து பார்த்தார். பேச்சை மூடிக்கொள்கிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். வெளியே கல்லு மாதிரி இருக்கிறவருக்கு உள்ளே நெஞ்சு நிமிஷத்துக்கு 100-க்கு மேல் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் காதில் எதுவும் ஏறாது. அடங்க குறைந்தது 20 நிமிஷமாவது ஆகும் என்கிறார் அவர். 20 நிமிஷம், மூன்று நாள் இல்லை.

அதனால் சண்டை இல்லாத ஒரு நாளில், ஞாயிற்றுக்கிழமை காபி நேரம் மாதிரி ஒரு நேரத்தில், இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போடுங்கள். கோபம் தலைக்கேறினால் அவர் எழுந்து போகலாம், ஆனால் எப்போது திரும்ப வந்து பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். "ராத்திரி சாப்பிட்டப்புறம் பேசலாம்" என்றால் நீங்கள் அதுவரை விடவேண்டும். நீங்கள் வாசல்வரை துரத்திக்கொண்டு போவதும் நிற்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்திலேயே "விடாமல் கேட்டால்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளைத் தபால்காரராக்குவதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

இந்த வாரம் முதலில் பேசவேண்டியவர் அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை, பேசாமல் இருந்தே வீட்டை ஆட்டி வைக்கிறவர் கைதானே ஓங்கியிருக்கிறது. ஐயா, நீங்கள் இதைப் படித்தால், "இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்றாவது சொல்லுங்கள். அதுவும் பேச்சுதான். அப்புறம் ஒன்று, கை நீட்டுகிற பழக்கமும் சேர்ந்திருந்தால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அது சண்டை இல்லை, குற்றம். பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

கேள்வி: ஆறு பேர் வேலை செய்கிற கடை. முதலாளி சிரித்துக்கொண்டே அசிங்கமாகப் பேசுகிறார், தோளில் கை வைக்கிறார். "அனுசரிச்சுப் போ, நல்ல மாதிரி பழகினா சரியாயிடும்" என்கிறாள் கூட வேலை செய்யும் அக்கா. (வாசகி, ஊர் வேண்டாம்)

அனுசரிக்க வேண்டாம். இதில் சரிசெய்ய உறவு ஒன்றும் இல்லை. 2013-ஆம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் உள்ளேயே புகார்க் குழு இருக்கவேண்டும், உங்களுடையது போன்ற சின்னக் கடைக்கு மாவட்ட அளவில் உள்ளூர் குழு உண்டு, முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். கலெக்டர் ஆபீசில் கேளுங்கள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அப்போது யார் இருந்தார்கள் என்று எழுத ஆரம்பியுங்கள், கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் தாங்களாகவே தெரு வாரியாக உட்காருகிறார்கள், தெரு என்றால் சாதிதான். கையில் கலர் கயிறு வேறு. மாற்றி உட்காரச் சொன்னால் உட்காருகிறார்கள், ஆனால் பேசிக்கொள்வதில்லை. (ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்)

சார், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே சாதியின் பேரில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப்பின் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அகர வரிசை நல்ல யோசனை, யாரும் யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் பேச்சு வராது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வெள்ளை, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் போய் வகுப்பின் பின்னால் நின்று பார்த்தார். டீச்சர் கேள்வி கேட்கிறார், ஆறு பேர் கை தூக்குகிறார்கள், ஒருவன் சொல்கிறான், மற்றவர்களுக்குப் பொறாமை. அவர் பாடத்தையே துண்டுபோட்டார். உங்கள் வகுப்பில் இதைக் காவிரி வைத்துச் செய்யலாம். ஐந்து பேர் குழு, ஒருவனுக்குத் தலைக்காவிரி, ஒருத்திக்கு மேட்டூர் அணை, ஒருவனுக்குக் கல்லணை, ஒருத்திக்கு டெல்டா, ஒருவனுக்குப் பூம்புகார். ஒருவர் பகுதி மற்றவருக்குத் தெரியாது. முதலில் எல்லாக் குழுவின் மேட்டூர்க்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து தயாராகிறார்கள், பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தருகிறார்கள். கடைசியில் காவிரி முழுவதிலும் பரீட்சை. அவளிடம் கேட்காமல் மேட்டூர் கிடைக்காது. திக்கித் திக்கிச் சொல்கிறவளைக் கேலி செய்தால் மார்க் போகும், அதனால் கேலி குறைந்து "சரி, அணை எந்த வருஷம்?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். (1934.)

முதல் இரண்டு வாரம் கசகசவென்று இருக்கும், பாடம் ஓடாது, ஹெச்எம் எட்டிப் பார்ப்பார். விட்டுவிடாதீர்கள், வாரத்தில் இரண்டு பீரியடாவது ஒரு பருவம் முழுக்கச் செய்யுங்கள். கயிற்றை நீங்கள் வெட்டவேண்டாம். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் அன்று ஹெச்எம்மும் பக்கத்தில் இருக்கட்டும், தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் எப்படி? (வாசகர், காரைக்குடி)

மாட்டிவிட்டீர்கள். போன வாரம்தான் மருமகளிடம், மிக்ஸி ஜாரைக் கழுவாமல் வைத்ததற்கு, "உனக்கு எதுதான் ஒழுங்கா வரும்" என்று கேட்டுவிட்டேன். ஜாரைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் அவளைப் பற்றிப் பேசிவிட்டேன், மேலே டீச்சருக்குச் சொன்ன அதே தப்பு. வீடு என் பெயரில் இருக்கிறது, அதனால் என் விதிப்படி நான்தான் முதலில் போகவேண்டும். போனேன், அரை நாள் கழித்து. அடுப்படியில் நின்று, "காலையில நான் பேசினது சரியில்லம்மா" என்றேன். "சரி விடுங்க அத்தை, தோசை ஆறுது" என்றாள். ஜார் இன்னும் சிங்க்கில்தான் இருந்தது.